எடுத்துவிட்ட பத்து வரிகள்

விசைப்பலகையின் மேல் ஒரு நகத்துண்டு கிடந்தது. காலையில் அவன் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்ட அதே கட்டைவிரல் நகம், ஓரத்தில் அதே மஞ்சள் கறை. முகத்தைச் சுளித்துக்கொண்டு சுண்டி எறிந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் பராமரிக்கும் நிரலைப் பற்றி வந்திருக்கும் புகார்களைப் படிக்கவே நேரம் போதவில்லை.

இணையப் பக்கங்களைக் கட்ட உலகம் முழுக்க டெவலப்பர்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க் அது. பழைய பராமரிப்பாளர் கைகழுவிவிட்டுப் போனதும் இவன் தலையில் விழுந்தது. திரையில் ஒன்றை நீக்கினால், அதை நினைவகத்திலிருந்தும் துடைக்க இன்னொரு வரி எழுத வேண்டும். எழுத மறந்தவர்கள் எல்லாரும் இவனைத்தான் திட்டினார்கள். சரி, எல்லாருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று ஆறு மாதம் மாடாய் உழைத்து முழுவதையும் திருப்பி எழுதினான். நடுவில் பத்து வரிகள் எதற்கும் உதவாமல் உட்கார்ந்திருந்தன. மேலே பழையவரின் குறிப்பு: ‘இது என்ன செய்கிறதென்று எனக்கே தெரியாது. தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.’ எடுத்துப் பார்த்தான். டெஸ்ட்கள் அத்தனையும் பச்சை, ஒரு பிழைகூட இல்லை. பெரியவருக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தபடி நேற்று வெளியிட்டும்விட்டான்.

இன்று வந்த புகார்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நீக்கியது திரும்பி வருகிறது.

"ஏங்க, குளியலறை அடைப்ப எடுத்தீங்களா இல்லையா?" மனைவியின் குரல்.

"நேத்தே எடுத்துட்டேனே."

"வந்து பாருங்க. நாத்தம் தாங்கல."

வடிகால் துளையிலிருந்து முடி வெளியே வந்துகொண்டிருந்தது. நேற்று அவன் இழுத்தெடுத்துத் தூர வீசிய அதே கொத்து, சோப்புக் கொழுப்பும் சளி போன்ற சாம்பல் நீரும் சொட்ட, ஊறிய துணியின் நாற்றத்தோடு. இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். முடிவில்லாமல் வந்தது. குட்டை முடிக்குப் பின்னால் நீள முடி. மனைவி தன் தலைமுடியை வெட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. அவள் தன் பிடரியைத் தடவியபடி வெளியே போனாள்.

அவன் கையை மூன்று முறை கழுவினான். வழவழப்பு போகவில்லை.

"டேய்." அடுத்த அறையிலிருந்து அப்பா. "கால் அரிக்குதுடா."

"எந்தக் கால்பா?"

"இல்லாத கால்தான்."

இது வழக்கமான பேச்சுதான். சர்க்கரை முற்றி அழுகிய வலது காலைப் போன வருடம் முழங்காலோடு எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அழுகல் மேலே ஏறி ஆளையே கொண்டுபோயிருக்கும் என்றார் டாக்டர். அதன் பிறகு அந்தக் கால் அரிக்கிறது என்று அப்பா சொல்வதும், சொறிந்துவிடட்டுமா என்று இவன் கேட்பதும் வீட்டில் ஒரு வேடிக்கை.

இன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தான். அந்தப் பத்து வரிகளைத் திரும்பப் போட்டான். புதிய வெளியீட்டை நீக்கினான். போய்விட்டது. பக்கத்தைப் புதுப்பித்தான்.

நீக்கிய வெளியீடு அங்கேயே இருந்தது. திரும்பப் போட்ட பத்து வரிகளைக் காணோம்.

மறுபடி நீக்கினான். மறுபடி வந்தது. விசைகளுக்கிடையில் ஏதோ குத்தியது. நகம். ஒன்றல்ல. கை நகம், கால் நகம், ஒரு பால்பல். அவனுடைய பல்.

அப்போதுதான் நாற்றம் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது வருமே, தித்திப்பும் சீழுமாய், தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் அந்த நாற்றம். ஒரு வருடமாக அவன் மறக்க முயன்றது. கதவுக்குக் கீழிருந்து வந்தது.

"டேய்." அப்பாவின் குரல் குழைந்திருந்தது. "பக்கத்துல யாரோ படுத்திருக்காங்கடா. ஈரமா இருக்கு."

கதவைத் திறந்தான். போர்வைக்குக் கீழே இரண்டு மேடுகள். வலப்பக்க மேட்டைச் சுற்றித் துணி பழுப்பாய் நனைந்திருந்தது. ஈக்கள்.

மறுபடி வெட்டச் சொல்லலாம். உடனே போகலாம். வெட்டிவிட்டால்...

வடிகாலில் வந்த முடி ஞாபகத்துக்கு வந்தது.

அவன் தொடுவதற்குள் அப்பாவே போர்வையை விலக்கினார். கறுத்து, ஊதி, தோல் வழன்ற கால். நடுவில் வெட்டிய தடமே இல்லை. காலை எடுப்பதற்கு முன்பே வெட்டியெடுத்த சுண்டுவிரல்கூட இருந்தது. அசைந்தது.

"வந்துடுச்சுடா," என்றார் அப்பா. கண்ணெல்லாம் நீர், முகமெல்லாம் சிரிப்பு. "கையக் கொடு, நடந்து பாக்கறேன்."

அந்தக் காலைத் தரையில் ஊன்றினார். சொதக்கென்றது. கறுப்பு முழங்காலைத் தாண்டி, பாதித் தொடைவரை ஏறியிருந்தது.