வெறும் துப்பாக்கியில் விழுந்த பள்ளம்

ஹனோவரில் இருக்கும் சுலோஜனாவின் துப்பறியும் அலுவலகத்துக்குள் மிதுசா கோபமாக நுழைந்தாள். அவள் சுடப் பழகும் கழகத்தின் சின்னக் கைத்துப்பாக்கியில், தோட்டா போய் உட்காரும் வாயின் விளிம்பில் பள்ளம் விழுந்துவிட்டதாம். தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகி அவள்தான் கெடுத்தாள் என்று ஆயுதப் பொறுப்பாளர் பரராசசிங்கம் அடித்துச் சொல்லிவிட்டார். மாநிலப் போட்டிப் பட்டியலில் இருந்து அவள் பெயரையும் எடுத்தாயிற்று.

"நான் வெறுமையா இழுக்கேல்லை அக்கா. சுவரில திருகாணி பூட்ட வைக்கிற டூபலை உள்ளுக்க வைச்சுத்தான் ஒவ்வொரு தரமும் இழுத்தனான்," என்றாள்.

கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் டூபல்களைக் கொட்டிக் காட்டினாள். எல்லாவற்றின் விளிம்பிலும் துப்பாக்கி ஊசி குத்திய தடம் இருந்தது. உதவியாளன் தபோதரனுக்கு அது போதும். யாரோ பொறாமையில் செய்த வேலை என்று முடிவுகட்டி, கழகத்துக்குப் போகும் வழியெல்லாம் அங்கே சுடப் பழகும் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டுத் தீர்த்தான்.

பரராசசிங்கம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் துப்பாக்கியை எடுத்துப் பள்ளத்தைக் காட்டினார். பிறகு உள்ளே தோட்டா இல்லையென்று இரண்டு தரம் பார்த்து, மணல்பெட்டியை நோக்கிப் பிடித்து, விசையை ஒருமுறை இழுத்துவிட்டுப் பெட்டகத்தில் வைத்தார். எவ்வளவு ஒழுங்கான மனுசன் என்று தபோதரன் மலைத்துப்போனான்.

"அண்ணை, இப்ப ஏன் இழுத்தனீங்கள்?" என்று சுலோஜனா மெல்லக் கேட்டாள்.

ஸ்பிரிங் இறுகிக் கிடக்கக் கூடாது, பூட்ட முன்னம் எல்லாத் துப்பாக்கியையும் அப்படித் தளர்த்துவது தன் வழக்கம் என்றார் அவர் பெருமையாக.

"பெரிய துப்பாக்கிக்கு அது சரி. அதில ஊசி நடுவில அடிக்கும், தோட்டா இல்லாட்டி அங்க வெறும் ஓட்டைதான். இந்தச் சின்னதில ஊசி ஓரத்தில அடிக்கும். இடையில ஒண்டும் இல்லாட்டி இரும்பிலதான் குத்தும். இவளின்ர குத்தெல்லாம் டூபலில இருக்கு. இரும்பில இருக்கிறது உங்கட குத்து, அண்ணை."

தபோதரனின் சந்தேகப் பட்டியலில் இல்லாத ஒரே ஆள் இவர்தான்.

பரராசசிங்கம் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெட்கத்தில் முகம் கறுத்துவிட்டது. எல்லோர் முன்னாலும் கழகத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, பிழை தன்னுடையது, பிள்ளையின் பெயரை இப்போதே திரும்பப் போடுங்கள் என்று ஜெர்மனில் சொன்னார்.

"மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. உன்னட்ட ஒரு சொல்லுக் கேக்காமல் விட்டிட்டன்."

அதுவரை கோபத்தில் விறைத்து நின்ற மிதுசா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.