இரண்டு கதவுகளும் திறந்தே கிடக்கட்டும்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் தினமும் காற்றைச் சோதித்த கையோடு பாட்டுகளையும் சோதித்துவிடுவார்கள். கூரைக்கு வெளியே மூச்சு விட முடியாது. வெளியே போகும் வழியான காற்றறையின் உள்கதவு, வெளிக்கதவு இரண்டையும் ஒருவர் மனம் உடைந்து ஒருசேரத் திறந்துவிட்டால் அத்தனை பேரும் சாக வேண்டியதுதான். அதனால் ஒலிபரப்பாகும் ஒவ்வொரு சொல்லையும் 'பொருள்நோக்கி' என்ற இயந்திரம் முதலில் கேட்கும்.

அன்று அது ஒரு பாட்டை நிறுத்தியது. பாடியவள் ஸ்டெல்லா, சுரங்கத்தில் தாது லாரி ஓட்டுகிறவள். அவள் கணவன் எட்வின், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பூமிக்குக் கப்பலேறியிருந்தான். கிதார் அதிர, கன்ட்ரி ராக் பாணியில் அவள் பாடியிருந்தாள்:

"நீ போன வழியை நான் சாத்த மாட்டேன்,
உள்கதவும் வெளிக்கதவும் திறந்தே கிடக்கட்டும்."

பாடியவர் காற்றறைக் கதவுகளைத் திறக்கக்கூடும் என்று பொருள்நோக்கி அறிவித்தது. அறிவித்ததோடு எல்லாக் காற்றறைகளையும் பூட்டியும் விட்டது. சுரங்கத்திலிருந்து திரும்பியவர்கள் வெளியே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய பிராணவாயு குறைந்துகொண்டே வந்தது.

காப்பு அதிகாரி நன்மாறன் ஸ்டெல்லாவை அவசரமாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"கதவுன்னு எதைச் சொல்றீங்க?"

"மனசைத்தான் சார்," என்றாள், தரையைப் பார்த்தபடி.

மனம் என்றால் மனம் என்றே பாடியிருக்கலாமே என்றது பொருள்நோக்கி. நன்மாறனுக்கு எரிச்சல் வந்தது. அவருடைய மனைவியும் பிரிந்து போனவள்தான். பாட்டைக் கேட்டபோதே அவருக்கு மனைவியின் நினைவு வந்திருந்தது. இதெல்லாம் கவிதை, உனக்குப் புரியாது என்று இயந்திரத்தை அதட்டிவிட்டுப் பூட்டை விலக்க ஆணையிட்டார். வெளியே நின்றவர்கள் தள்ளாடியபடி உள்ளே வந்தார்கள். பாட்டும் ஒலிபரப்பானது.

மதியத்துக்குள் குடியிருப்பே அதை முணுமுணுத்தது. ஒவ்வொருவருக்கும் அது தன்னை விட்டுப் போனவரைப் பற்றிய பாட்டாகவே கேட்டது. வெளிக்கதவு என்பது பழைய காதலா, பூமியா என்று சாப்பாட்டுக் கூடத்தில் வாக்குவாதம் நடந்தது. ஸ்டெல்லாவின் திரையில் சிவப்பு இதயங்கள் வந்து குவிந்தன.

அப்போது நன்மாறனுக்குப் பொருள்நோக்கியிடமிருந்து இன்னொரு எச்சரிக்கை வந்தது. பாடியவர் வடக்குக் காற்றறையில் இருக்கிறார், கவசம் அணியவில்லை, விசாரணைக்குப் பிறகு அவரிடம் யாரும் பேசவில்லை என்றது அது.

அவர் ஓடினார். உள்கதவின் கண்ணாடிக்கு அப்பால் ஸ்டெல்லா நின்றிருந்தாள். அவள் கை வெளிக்கதவின் நெம்புகோலில் இருந்தது. அவர் ஒலிவாங்கியை அழுத்தினார்.

"ஸ்டெல்லா, வேண்டாம்மா. கையை எடுங்க."

அவள் திரும்பாமலே சொன்னாள்: "பாட்டுலயே சொன்னேனே சார்."

"தப்பாக் கேட்டுட்டேன்," என்றார் அவர். "இப்போ சொல்லுங்க. கேக்குறேன்."

அவள் நெம்புகோலை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். உள்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் பேசினாள்; அவர் குறுக்கிடவில்லை. மருத்துவமனையில் அவள் மெல்லத் தேறினாள்.

குடியிருப்பின் நிர்வாகக் குழு சும்மா இருக்கவில்லை. ஒரு காதல் பாட்டுக்காகத் தொழிலாளர்களை மூச்சுத் திணற விட்டது பொருள்நோக்கியின் பெரும் பிழை என்று முடிவு செய்தது. நன்மாறன் எவ்வளவோ வாதாடியும் பயனில்லை. மனிதர்கள் பாட்டை எப்படி ரசிக்கிறார்களோ அப்படியே கேட்க அதற்குப் புதிதாகப் பயிற்சி கொடுத்தார்கள்.

போன வாரம் வேறொருவன் சோகப் பாட்டு ஒன்றை அனுப்பியிருந்தான். பொருள்நோக்கி அதைக் கடைசிவரை கேட்டது. ஒரு சிவப்பு இதயம் அனுப்பிவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போனது.