ஒரு காட்சிக்கு மூன்று பயணம்

ஏழாவது காட்சியில் கேமரா திரும்பியது.

முதல் தடவை பார்த்தபோது அது அவனுக்கு உறைக்கவே இல்லை. காட்சி அவ்வளவு நன்றாக இருந்தது. கைவிடப்பட்ட குவாரியின் சரளைச் சரிவில் அவனுடைய பைக் இடப்பக்கமிருந்து வருகிறது, பின்சக்கரம் வழுக்கி மண்ணை வாரி இறைக்கிறது, பிளந்த பாறையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்க வளைவில் மறைகிறது. கேமராவும் கூடவே, தளும்பாமல் எடுத்துப் போகிற தண்ணீர்ப் பாத்திரம்போல, அவனை நடுவிலேயே வைத்தபடி திரும்புகிறது. இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான், திருப்புவதற்கு அங்கே ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தனியாக ஓட்டித் தனியாகப் படமெடுக்கிறவனுக்கு ஒரு காட்சிக்கு மூன்று பயணம். கேமராவைக் கல்லின்மேல் வைத்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, வந்த வழியே இருநூறு அடி திரும்பிப் போக வேண்டும். அங்கிருந்து, யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல, கேமராவைத் தாண்டி ஓட்ட வேண்டும். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு அதை எடுக்க நடந்து வர வேண்டும். அவனிடம் இருந்ததோ, இரண்டு கை மாறி வந்த கேமரா ஒன்றே ஒன்று. ஸ்டாண்டுக்குப் பதில் மணல் நிரப்பிய காலுறை. காற்று இரைச்சலை அடக்க மைக்கின்மேல் பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் வெட்டி ஒட்டிய துண்டு. காட்சி எண், இடம், கேமரா பார்க்கும் திசை எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பான். ஏழுக்கு நேராக, "சரிவு. பிளந்த பாறையைப் பார்த்து. அசையக் கூடாது" என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது.

காலுறை சரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் சரிந்த மணல் திரும்ப ஏறாது. வளைவில் பைக் மறைந்த பிறகு கேமரா அங்கேயே ஆறு வினாடி பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவசரமே இல்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பி, பிளந்த பாறையைப் பார்த்து நின்றது. அதற்கப்புறம்தான் அவனுடைய பூட்ஸ் சத்தம் வந்தது. அவன் கை பெரிதாகி லென்ஸை மூடியது.

ஜன்னலைச் சாத்தினான். கீழ் வீட்டுத் தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மேசைமேல் காலையில் வாங்கிய ரொட்டி ஓரம் காய்ந்துபோய்க் கிடந்தது. பகல் வெயில் ஏறிய கூரையிலிருந்து சூடான சிமெண்டு வாசனை இறங்கிக்கொண்டிருந்தது. காதில் ஹெட்போனைப் பொருத்தி ஒலியைக் கூட்டினான். எஞ்சின் சத்தம் தேய்ந்து, சரளைக்கற்கள் உருண்டு அடங்கி, எல்லாம் ஓய்ந்த இடத்தில், மைக்குக்கு மிக அருகில், யாரோ மூச்சை விட்டார்கள். படம் ஆடக் கூடாதே என்று அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சு.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"சாப்டியா?"

"ஆச்சு."

"பொய் சொல்லாத. காலி வயிறு குரல்லயே கேக்குது."

"அக்கா, நான் ஓட்டுறத யாரோ எடுத்திருக்காங்க."

"நல்லதுதானே? எத்தனை நாளைக்குத்தான் நீயே எடுத்து, நீயே பார்த்து, நீயே கைதட்டிக்குவ?" என்று சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். போன் வைத்த பிறகு அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அந்த ஏழாவது காட்சியை அவன் வெட்டி எறிந்திருக்கலாம். வெட்டிப் பார்த்தான், வீடியோவில் உயிரே போய்விட்டது. அந்த வீடியோவை நம்பித்தான் அவன் இருந்தான். ஒரு பயண நிறுவனம் எட்டுப் பேரை நாற்பது நாள் மலைப்பாதைகளில் பைக்கில் அழைத்துப் போகிறது. கூடவே ஓட்டி, தானே படமும் எடுக்கத் தெரிந்த ஒன்பதாவது ஆள் ஒருவர் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். நாற்பது நாள், எட்டுப் பேர். சாயங்காலம் கூடாரத்தின் முன்னால் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தன் பேச்சை ஒருத்தன் வெட்டிப் பேசுகிற எட்டுப் பேர். ஏழாவது காட்சியை வெட்டவில்லை. அப்படியே அனுப்பி வைத்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம், வேலை பார்க்கும் லேத் பட்டறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்த நிறுவனத்துப் பெண் அதிகாரி அழைத்தார்.

"என்ன ஸ்டார், யாரு லைன்ல? டைரக்டரா?" என்று கத்தினார் மேஸ்திரி. "எனக்கும் ஒரு வில்லன் வேஷம் கேட்டு வை!"

அவன் பின்கட்டுக்கு நகர்ந்தான்.

"வீடியோ ரொம்ப நல்லா இருக்கு. ஆனா உங்க கேமராமேன் யாருங்க?" என்றார் அவர்.

"யாரும் இல்ல மேடம். நான் மட்டும்தான்."

"தனியா எடுத்ததா இருந்தாத்தான் எடுத்துக்குவோம், தெரியும்ல? அந்த பாறைகிட்ட கேமரா திரும்புதே. கல்லு தானா திரும்புமா?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க. அதே இடத்துல மறுபடி எடுங்க. நீங்க எப்படி எடுக்கறீங்கன்னு செல்போன்ல தனியா ஒரு வீடியோ. ரெண்டும் ஞாயித்துக்கிழமை வேணும். நீங்க ஒத்தை ஆளுன்னு தெரிஞ்சா போதும், அந்த இடம் உங்களுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் குவாரியில் இருந்தான். வெயில் சாய்ந்து, வெட்டுப்பட்ட பாறைச் சுவர்கள் பழுப்பேறி நின்றன. பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீரிலிருந்து பாசி நாற்றம் விட்டுவிட்டு வந்தது. இந்த முறை காலுறையை நம்பவில்லை. கேமராவைச் சுற்றி ஐந்து கற்களை நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் சில்லுகளைச் செருகி, ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. பத்தடி தள்ளியிருந்த முள்மரத்தின் கவட்டையில் செல்போனைப் பொருத்தி, அதன் பார்வையில் கேமராவும் கற்களும் மட்டும் விழும்படி வைத்தான். இரண்டிலும் பதிவை ஓடவிட்டான்.

திரும்பிப் போனான். ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு தனக்கே கேட்டது. கிளட்சை விட்டான். சரிவு, பாறை, வளைவு. வளைவுக்கு அப்பால் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்தான். மேடத்திடம் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். "பாருங்க மேடம், இங்க நான் மட்டும்தான். வேற யாருமே இல்ல." பாறைச் சுவர் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொன்னது. பிறகு கேமராவை நோக்கி நடந்தான்.

கற்கள் ஐந்தும் அடுக்கியபடியே இருந்தன. சில்லுகள்கூட விழவில்லை.

கேமராவை உருவி எடுத்துப் பார்த்தான். பைக் வந்தது. படம் திரும்பியது. சரிவிலிருந்து வளைவுவரை, துளி ஆட்டமில்லாமல், அவனைக் கூடவே கொண்டுபோனது.

மரத்திலிருந்து செல்போனை எடுத்தான். அது உண்மையைச் சொல்லும். ஒரு கல்மேல் உட்கார்ந்து ஓட்டினான்.

கற்களுக்கு நடுவே கேமரா. காற்று. கேமரா. அதன் அருகில் ஒருவரும் இல்லை. தூரத்தில் பைக் உறுமத் தொடங்கியது.

அப்போது செல்போனின் படம் மேலே எழுந்தது.

விழவில்லை. எழுந்தது. முள் கிளைகள் விலகிக் கொடுத்தன. ஓர் ஆள் உயரத்துக்கு வந்து நின்று, மெதுவாகக் கேமராவின் பக்கம் போய், மேலிருந்து அதைக் குனிந்து பார்த்தது. பைக் கடந்தது. செல்போன் அதன் பின்னாலேயே போனது. ஓடவில்லை. நடந்தது. வளைவைத் தாண்டியது. வண்டி நின்றிருந்தது, அவன் நின்றிருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. தன் முதுகை இவ்வளவு அருகில் அவன் அதுவரை பார்த்ததில்லை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பின்கழுத்தில் அழுக்குக் கோடு. கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைப்போலத் தோள்கள் ஒடுங்கியிருந்தன. படம் நெருங்கியது. இன்னும் நெருங்கியது. கை நீட்டினால் தொடலாம்.

"பாருங்க மேடம், இங்க நான் மட்டும்தான். வேற யாருமே இல்ல."

திரும்பி நடந்தபோதும் அது கூடவே வந்தது, கழுத்துக்கு ஒரு சாண் பின்னால். பாதி வழியில் சட்டென்று விலகி, பிளந்த பாறையின் மறைவில் முந்திக்கொண்டு, மரத்துக்குப் போய், கவட்டையில் தன்னைப் பொருத்திக்கொண்டது. படத்தில் கேமராவும் கற்களும் மட்டும். அவன் வைத்ததுபோலவே.

வீடியோவை நிறுத்தினான். பிறகுதான் அது மண்டையில் ஏறியது. செல்போனை எடுத்துக்கொண்டு ஒருவர் அவன் பின்னால் போயிருக்கிறார். அதே நேரத்தில்தான் கேமராவும் திரும்பியிருக்கிறது.

அப்படியானால் அதைத் திருப்பியது?

கேமராவைப் பையில் திணித்தான். பையை முதுகில் மாட்டினான். கற்களைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்க்கவில்லை. ஓடினான். இரண்டு உதையில் வண்டி கிளம்பியது. ஹெல்மெட் மாட்டக்கூட நிற்காமல் அடிவாரம்வரை வந்தான். தார்ச்சாலையின் விளிம்பில் ஒளி வடிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு வாகனம் இல்லை.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. வண்டியை நிறுத்தி எடுத்தான்.

"எங்க இருக்கீங்க? இப்ப லிஸ்ட் முடிக்கறோம்" என்றார் மேடம். அவருக்குப் பின்னால் பல பேர் ஒரே சமயத்தில் பேசிச் சிரிப்பது கேட்டது. "இங்க எல்லாருக்கும் உங்க ஓட்டம் பிடிச்சுப் போச்சு. வீடியோவ நாளைக்கு அனுப்பினாக்கூடப் போதும். உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, பேரைப் போட்டுடறேன். தனியாத்தானே எடுத்தீங்க?"

ஒரு வார்த்தை. நாற்பது நாள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே ஓர் இடம்.

வாயைத் திறந்தான். அந்தக் கணத்தில் வண்டியின் பின்பாகம் மெல்ல அமிழ்ந்தது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அமிழுமே, அந்த அளவு. பிறகு இன்னும் கொஞ்சம்.

முதுகுப் பையின் ஜிப், பல் பல்லாக, திறந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

அவன் வலது தோளுக்கு மேலாகக் கேமரா முன்னால் வந்தது. ஒரு கை நீளத்துக்குப் போய், அந்தரத்தில் நின்று, அவன் முகத்தை நோக்கித் திரும்பியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் சின்னத் திரை அவன் பக்கமாக மடங்கி இருந்தது. திரையில் வண்டி தெரிந்தது. வெறிச்சோடிய சாலை தெரிந்தது. காதில் செல்போனோடு அவன் தெரிந்தான். அவன் மட்டும். பின்னிருக்கை காலி.

"ஆமா மேடம்" என்றான். குரல் உடைந்தது. "தனியாத்தான்."

கேமரா மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். பொய் சொன்ன பிள்ளையிடம் கோபமில்லாமல் மறுக்கிற ஒரு தலையைப்போல.