ஆயிரத்து மூன்றாம் எண்

"சார், நான் பண்ணலை. ஆனா அதுல என் நம்பர்தான் இருக்கு" என்றாள் சாஹித்யா. உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

விஸ்வநாத் காஞ்சன்பாக்கில் பார்த்த கணினிப் பாதுகாப்பு வேலையை உதறிவிட்டு, செகந்திராபாத்தில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துபவர். உதவியாளன் ஜெயந்த் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டான்.

விஷயம் இதுதான். அவளுடைய கம்பெனி ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. கோப்புகளை ஒன்றாகக் கட்டிக் கடைசியாக அனுப்பிய பேக்கேஜில் உலைச் சூட்டின் உச்சவரம்பு எழுதிய கோப்பு, கணினி நிர்வாகி பெயரில் இல்லாமல் 1003 என்ற எண்ணின் பெயரில் போய்விட்டது. கம்பெனிக் கணினியில் 1003 என்றால் சாஹித்யா. தொழிற்சாலைக் கணினியில் அதே எண் ஒரு ஷிஃப்ட் ஆப்பரேட்டருக்கு. பூட்டியிருக்க வேண்டிய கோப்பு அவன் கைக்குத் திறந்துகொண்டது. வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று வரம்பை ஏற்றிவிட்டான். மாத்திரை முழுவதும் கருகிக் குப்பைக்குப் போயிற்று.

"நாளைக்கு என்னை அனுப்பிடுவாங்க. அப்புறம் இந்த ஊர்ல எவன் சார் வேலை கொடுப்பான்?"

"நிர்வாகி பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?"

"மேனேஜர் ஜெகநாதன் சாருக்கு மட்டும்தான். எங்க எம்.டி.க்கே தெரியாது."

"அது இல்லாம பேக்கேஜ் எப்படிக் கட்டுறீங்க?"

"ஃபேக்ரூட்னு ஒண்ணு இருக்கு சார். நான் சாதாரண ஆள்தான். ஆனா, இவ நிர்வாகின்னு அது பொய் சொல்லும். அதுக்குள்ள என் கோப்பெல்லாம் நிர்வாகியோடதாவே தெரியும். பேக்கேஜ்லயும் அப்படியே பதிஞ்சிடும்."

"அன்னிக்கும் அப்படித்தானா?"

"ஹவ் சார், அன்னிக்கும் அப்படித்தான். கட்டி மேனேஜர்கிட்ட கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

மறுநாள் காலை எம்.டி. நாராயணஸ்வாமியின் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"இவ கொடுத்ததைத்தான் சார் அனுப்பினேன்" என்றார் ஜெகநாதன். "ஃபேக்ரூட் போட மறந்திருக்கா. சின்னப் பொண்ணு, விடுங்க."

ஜெயந்த் தொழிற்சாலையிலிருந்து வாங்கி வந்த பேக்கேஜை மடிக்கணினியில் திறந்தான்.

"1003 பேர்ல எத்தனை கோப்பு?" என்று விஸ்வநாத் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சார். மத்ததெல்லாம் நிர்வாகி பேர்ல."

"ஃபேக்ரூட் போட மறந்திருந்தா எல்லாமே 1003 ஆகியிருக்கும். போட்டிருந்தா ஒண்ணுகூட ஆகியிருக்காது. அந்தப் பொய் கோப்புக்குக் கோப்பு மாறாது."

"அப்ப யாரோ வேணும்னே மாட்டிவிட்டிருக்காங்க!" என்று துள்ளினான் ஜெயந்த்.

"அவசரப்படாதே. பொய்யே தேவைப்படாத ஆள் கட்டின பேக்கேஜ் இது. பாஸ்வேர்டு போட்டு நிஜ நிர்வாகியா உள்ளே வந்தவர். அவர் கட்டும்போது புதுசா உருவாகுற கோப்பெல்லாம் தானாவே நிர்வாகி பேர்ல விழும். இந்த ஒண்ணை மட்டும் இவங்க ஃபோல்டர்லேர்ந்து உள்ளது உள்ளபடி நகல் எடுத்திருக்கார். சொந்தக்காரர் எண்ணும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. சாஹித்யா கட்டியிருந்தா சாஹித்யாவோட எண் வந்திருக்கவே முடியாது."

ஜெகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாயங்காலம் கஸ்டமர் போன் பண்ணி வரம்பை மாத்தணும்னான். இவ கிளம்பிட்டா. நானே மாத்தி, அவசரத்துல கட்டி அனுப்பினேன். இவ்வளவு சர்வீஸுக்கு அப்புறம் எப்படி சார் வாய் திறந்து சொல்றது?"

"என் பேரைச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சா சார்?" என்றாள் சாஹித்யா.

நாராயணஸ்வாமி விஸ்வநாத் பக்கம் திரும்பினார்.

"பிரமாதமா கண்டுபிடிச்சேள், விஸ்வநாத். ஆனா ஜீடிமெட்லாவுக்கு இவ பேரைச் சொல்லியாச்சே. மேனேஜரே பண்ணினார்னு இப்போ போய் நின்னா கான்ட்ராக்ட் போயிடும். இத்தனை பேர் பிழைப்பு. நீயே ராஜினாமா கொடுத்துடும்மா. அனுபவச் சான்றிதழ் ஒசத்தியா தரச் சொல்றேன்."

ஜெயந்த் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். விஸ்வநாத் எழவில்லை. "அப்ப நான் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த ரூமோட இருக்கட்டுமே."

சாஹித்யா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"சர்டிபிகேட்ல கையெழுத்து யார் சார் போடுவாங்க?"

"ஜெகநாதன்தான்" என்றார் நாராயணஸ்வாமி. "அவர்தானே உன் மேனேஜர்."