நான்கு விரல் இறங்கிய தளம்

இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றைக்கே விழட்டும்.

பல் வைத்தியர் வீட்டு வாசலில் கான்கிரீட் தளம் நான்கு விரல் இறங்கியிருந்தது. அதுகூடப் பெரிதில்லை. மழையே இல்லாத அந்த மாதத்தில், உச்சி வெயிலிலும் அது காயவே இல்லை.

இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த அவருடைய மனைவி அன்று மாலை சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் தளம் வாசற்படியோடு மட்டமாக வேண்டும்.

“என்னங்க, ஆச்சா?” என்றாள் போனில்.

“ஆயிட்டிருக்கு.”

“ஒரு பல்லைப் பிடுங்க நாலு தடவை வரச்சொல்ற ஆளாச்சே. நான் தெருவுலயே குடித்தனம் பண்ணணுமா?”

தளத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் போட்டு, அடியில் சிமெண்டுப் பாலை ஏற்றித் தூக்குவது காலையிலேயே வந்திருந்த பம்புக்காரரின் வேலை.

“நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் டாக்டர். ஓட்டை போடுறோம், அடைக்கிறோம். என்ன, என்னோடது கத்தாது!”

துளைபோடும் மிஷின் கிறீச்சிட்டு இறங்க இறங்க முதலில் வெள்ளைத் தூசும் பிறகு பிசுபிசுத்த ஈரமும் மேலே வந்தன. மூன்றாவது துளையிலிருந்து எழுந்த வாடை மண் வாடையுமில்லை, சாக்கடை வாடையுமில்லை, முப்பது வருடமாக ஊரார் முகங்களின் மேல் குனிந்தவருக்குத் தூக்கத்திலும் தெரியக்கூடிய, வெகுநாள் திறக்காத வாயின் வாடை.

வைத்தியருக்குப் பயம் வந்தது. ஆனால் ஊசி போட்ட ஈறுபோல உள்ளே மரத்துக் கிடந்தது; அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை.

ஆறு மூட்டை போதுமென்ற இடத்தில் பதினோராவது மூட்டையும் உள்ளே போனது. தளம் அசையவில்லை.

“குடிக்குது டாக்டர்,” என்று பம்புக்காரர் பம்பை நிறுத்தினார். கீழே ‘மடக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் தளம் எழுந்தது, மெதுவாக, தானாக. மட்டம் பார்க்க மேலே வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி நடுவே வந்து நின்றது.

பம்புக்காரர் நின்றுபோன பம்பைப் பார்த்தார். குழாயைச் சுருட்டினார்.

“மட்டம் வந்துடுச்சு. எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க.”

போய்விட்டார், துளைகளைக்கூட அடைக்காமல்.

வைத்தியர் வாசற்படியில் மண்டியிட்டுத் துளைக்குள் டார்ச் அடித்தார். சிமெண்டைக் காணோம். இளஞ்சிவப்பு. ஈரம். துடிப்பு.

ஆஸ்பத்திரி வண்டி வந்தது. ஓட்டுநர் நாற்காலியைத் தளத்தின் நடுவில் நிறுத்திவிட்டுப் பையை எடுக்கத் திரும்பினார்.

“அட, வழுவழுன்னு இருக்கே! அங்க என்ன குனிஞ்சு பாக்குறீங்க, சொத்தையா?” மனைவி சிரித்தாள்.

‘அங்கே இருக்காதே’ என்று கத்த வேண்டும். அவருக்கு அது தெரிந்தது. ஆனால் குனிந்த தலையும் கையில் டார்ச்சுமாக இருந்தவருக்கு முப்பது வருடப் பழக்கத்தில் ஒரே வாக்கியம்தான் வந்தது.

“எங்கே, ஆ காட்டுங்க.”

தளம் காட்டியது.

மேல்வரிசை. கீழ்வரிசை. ஒன்றிலும் சொத்தை இல்லை. காற்றில் சுழன்ற ஒரு சக்கரம். பிறகு அதுவும் இல்லை.

மூடிக்கொண்டது. மட்டமாக.

“என்னங்க...” அடியிலிருந்து.

“கொஞ்சம் பொறுத்துக்கோ. வலிக்காது,” என்றார். அதுவும் பழக்கம்தான்.

மூன்றாவது துளை வழியாக மோதிரம் போட்ட விரல் ஒன்று மேலே வந்தது. தளம் மட்டமாக இருக்கிறதா என்று நிதானமாகத் தடவிப் பார்த்தது.

ஊரில் யாரைக் கேட்டாலும், அந்தப் பல் வைத்தியர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பார்கள். ஆனால் என் மூன்று பற்களும் இன்னும் விழவில்லை.