பள்ளத்துப் பவர்ஹவுஸ்

மலைநாட்டு ஊரான நோட்டன் பிரிட்ஜில் துரைராசா பஸ்ஸை விட்டு இறங்கியபோது பகல் பதினொரு மணி. ஆனாலும் கடைகளில் விளக்கு எரிந்தது. ஆடி மழை நான்கு நாளாக விடவில்லை. எதிர்மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பனிமூட்டம்தான் நின்றது. ஊசிமலைத் தோட்டத்து லொறி அவருக்காகக் காத்திருந்தது. டிரைவர் வணக்கம் சொல்லவில்லை. பெட்டியை வாங்கி வைக்கவும் இல்லை.

துரைராசா மின்சாரப் பரிசோதகர். அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் எங்கெங்கே மின்யந்திரம் ஓடுகிறது, எந்த சுவிட்ச் எவ்வளவு பழையது, எந்தக் கம்பம் உக்கிப்போயிருக்கிறது என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, ஆபத்தில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழு வருடமாக அதுதான் வேலை.

போன வருடம், 1960 ஆடியில், ஊசிமலைப் பவர்ஹவுஸுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்று மாதம் கழித்து, அந்தப் பவர்ஹவுஸைப் பார்த்துக்கொண்ட ஆண்டியப்பன், சுவிட்சின் இரும்புக் கைபிடியைப் பிடித்தபடியே செத்துப்போனான். தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். யந்திரம் நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு துரைராசாவின் கையெழுத்தே சாட்சி.

அந்தக் கையெழுத்தை அவர் போட்டது டீமேக்கர் வீட்டு மேசையில். பள்ளத்துக்கு அவர் இறங்கவே இல்லை. அன்றும் இப்படித்தான் மழை.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் செல்வரத்தினம் இந்த முறையும் தேத்தண்ணியோடு வரவேற்றார். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

"என்ன ஐசே, இந்த மழைக்குள்ள அங்க இறங்கப் போறியளே? போன முறை மாதிரி இஞ்சயே இருந்து எழுதிப்போட்டுப் போங்கோவன். எல்லாம் அப்பிடியேதான் கிடக்கு."

"இந்த முறை பாக்க வேணும்."

"செத்தவன் செத்துப்போனான். இப்ப பாத்து என்ன செய்யப் போறியள்?"

துரைராசா தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தார். ஒன்பது மாதமாக அவருக்கு நித்திரை இல்லை. கண்ணால் பார்த்து, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

வழிகாட்ட மாயாண்டி வந்தான். ஆண்டியப்பனுக்குப் பிறகு பவர்ஹவுஸ் அவன் பொறுப்பு. செத்தவனின் மனைவி பேச்சியம்மா அவனுடைய கூடப்பிறந்த தங்கை. தலையில் கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னே நடந்தான். தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல்களில் நின்ற பெண்கள் துரைராசாவைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

தேயிலைச் செடிகள் முடிந்து காடு தொடங்கியது. பாசி படிந்த கல்படிகள் நேராகப் பள்ளத்தில் இறங்கின. காலுறைக்குள் அட்டைகள் ஏறுவது தெரிந்தது. கீழேயிருந்து தண்ணீர் இரையும் சத்தம் வந்தது. அதோடு எண்ணெய் வாடையும், மயிர் கருகினால் வருமே, அந்த வாடையும்.

"போன வருசமும் ஐயா வந்ததா பொஸ்தகத்துல இருக்காம்" என்றான் மாயாண்டி.

"ஓம்."

"எந்த வழியா வந்தீங்க? அன்னிக்கி பூரா நான் இந்தப் படியிலதான் பாசி சொரண்டிக்கிட்டிருந்தேன்."

துரைராசா குனிந்து அட்டையைப் பிடுங்குவதுபோல் நின்றார். மாயாண்டி மேலே கேட்கவில்லை.

பவர்ஹவுஸ் ஒரு கல் அறை. தகரக் கூரை, ஒரே கதவு, ஜன்னல் இல்லை. மலைமேல் தொட்டியிலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளே இருந்த டர்பைனைச் சுற்றியது. மாயாண்டி பத்தடி தள்ளியே நின்றுகொண்டான்.

"உள்ள வாவன்."

"நான் உள்ள போறதில்லங்க. மேல தொட்டியில மதகத் தெறப்பேன், மூடுவேன். அம்புட்டுத்தான்."

"அப்ப சுவிட்சை ஆர் போடுறது?"

மாயாண்டி அவரை முதல் முறையாக நேராகப் பார்த்தான்.

"காலையில வந்தா போட்டிருக்குங்க."

துரைராசா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தண்ணீரை நிறுத்தச் சொல்லி அவனை மேலே அனுப்பினார். யந்திரம் ஓடும்போது அதில் கை வைக்கக்கூடாது. அது அவர் பலருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம்.

உள்ளே போனார். ஒரே ஒரு பல்பு மஞ்சளாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் குழாயின் இரைச்சல் குறைந்தது. டர்பைன் மெல்ல மெல்லத் தளர்ந்து, முனகி, நின்றது. கூரையில் மழை மட்டும் கேட்டது.

பல்பு அணையவில்லை.

அவர் டர்பைனின் சக்கரத்தைப் பார்த்தார். அசையாமல் நின்றது. பல்பைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது.

எங்கேயோ கம்பி மாறிக் கிடக்கிறது, தொழிற்சாலைப் பக்கமிருந்து கரண்ட் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொழிற்சாலைக்கு வேறு வழியில் கரண்ட் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும். டோர்ச்சை அடித்து சுவிட்சுப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தார். இரும்பில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோக ஒரு செப்புக் கம்பி அங்கே இருக்க வேண்டும். எர்த் கம்பி. தொடுகிறவன் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஒரு சாண் கம்பிதான் இருந்தது. மீதியை யாரோ வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனை பச்சைக் களிம்பேறித் தடித்திருந்தது. ஒரு வருடத்தில் ஏறுகிற களிம்பில்லை அது. போன ஆடியில் இறங்கி வந்து ஒரு தடவை குனிந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

"பாத்துட்டீங்களா?"

காதுக்குப் பக்கத்தில், மிக மெதுவாக.

"ஓம், மாயாண்டி" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார்.

அறையில் யாரும் இல்லை. கதவு வழியாகப் பார்த்தால், தொட்டியிலிருந்து இறங்கும் பாதையில் கம்பளி போட்ட உருவம் சின்னதாகத் தெரிந்தது.

கருகிய வாடை அறை முழுக்க நிறைந்தது.

"கையெழுத்துப் போட்டது எந்தக் கைங்க?"

அவர் கதவை நோக்கித் திரும்பினார். கால்கள் திரும்பின. வலது கை வரவில்லை. முழங்கையை யாரோ கீழிருந்து தாங்கிப் பிடித்து, பக்குவமாக, ஒரு குழந்தைக்கு எழுதப் பழக்குவதுபோல, முன்னே கொண்டுபோனார்கள்.

"இதுதானுங்களா?"

விரல்கள் இரும்புக் கைபிடியைச் சுற்றி மூடிக்கொண்டன.

கரண்ட் அடித்தால் தூக்கி எறியும் என்று ஆட்கள் சொல்வார்கள். எல்லா நேரமும் எறியாது. பிடித்துக்கொள்ளும். சதை இறுகி, பிடித்தவனே விட முடியாமல் போகும். துரைராசா அதைப் புத்தகத்தில் படித்திருந்தார். இப்போது பல் கிட்டியது. கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. ஓடாத யந்திரத்தின் தாளத்தில் நெஞ்சு அதிர்ந்தது.

கதவில் நிழல் விழுந்தது. மாயாண்டி. மதகை விட்டு இறங்கி வந்திருந்தான். நிலைப்படியைத் தாண்டாமல் நின்று, பிடித்திருந்த கையையும் எரியும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் வரேல்லை!" எப்படியோ துரைராசாவின் தொண்டை திறந்துகொண்டது. "போன வருசம் நான் இஞ்ச வரவேயில்லை! பாக்காமத்தான் போட்டனான்!"

உண்மையைச் சொன்னால் விட்டுவிடும் என்று நினைத்தார்.

"தெரியும்ங்க" என்றது குரல்.

பிடி இன்னும் இறுகியது.

மாயாண்டி கையை மட்டும் நீட்டி, கதவோரம் உள்ளே சாத்தியிருந்த காய்ந்த பலகையை எடுத்தான். ஒரு கணம் அதை வெறுமனே கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு நிலைப்படியைத் தாண்டி வந்து, ஓங்கி அவர் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. துரைராசா தரையில் விழுந்தார். பல்பு அணைந்தது.

வெளியே மழையில் கிடத்தியதும் மாயாண்டி மூச்சு வாங்கச் சொன்னான்: "ஒங்களுக்காக அடிக்கலீங்க. எந்தங்கச்சி புருசன் ஒரு கொலைகாரனாப் போயிறக் கூடாது. அம்புட்டுத்தான்."

"கம்பியை... ஆர் வெட்டினது?"

"தொர பங்களா ரேடியோவுக்கு ஏரியல் கட்ட வெட்டிக்கிட்டுப் போனாங்க. தொட்டா சுருசுருங்குதுன்னு ஆண்டியப்பன் டீமேக்கரய்யாகிட்ட ரெண்டு தடவ சொன்னான். பரிசோதகரு வருவாரு, பாப்பாருன்னாங்க. அவனும் ஒங்க வரவத்தான் பாத்துக்கிட்டிருந்தான்."

துரைராசா இடது கையால் அறிக்கை எழுதினார். எர்த் கம்பி வெட்டப்பட்டதை, ஆண்டியப்பன் முறையிட்டதை, போன வருடம் தாம் பார்க்காமல் ஒப்பமிட்டதை, எதையும் மறைக்கவில்லை. "உங்கட வேலையும் போகுமே ஐசே" என்று செல்வரத்தினம் கெஞ்சினார். பவர்ஹவுஸை மூடினார்கள். யந்திரத்தைக் கழற்றி, சுவிட்சுப் பெட்டியை உடைத்து எடுத்தார்கள்.

தோட்டத்தை விட்டுப் போகுமுன் பேச்சியம்மாவின் லயத்துக்குப் போனார். அவள் கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்று கேட்டாள்.

"எல்லாத்தையும் எழுதிப்போட்டன். இனி ஒருத்தருக்கும் இப்பிடி நடவாது" என்றார்.

"அவருக்கு நடந்திருச்சே" என்றாள். கதவு சாத்தியது.

புரட்டாதியில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கட்டுப்போட்ட கையோடு ஊருக்குப் போனார். வடமராட்சியில் பனங்காணிகளுக்கு நடுவே வீடு. ஐந்து மைல் சுற்றளவில் ஒரு மின்கம்பம் கிடையாது. விளக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான். அங்கே வந்து மூன்று இரவுகள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்.

நான்காம் நாள் விடிந்து வெயில் ஏறியிருந்தது. கிணற்றடியில் மனைவி குணபூசணி வீரிட்டாள். ஓடிப் போனார். அவள் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளிறிப்போய் நின்றாள். கிணற்றுச் சிமெந்துக் கட்டின் மேல் இரும்பு வாளி.

"என்னப்பா இது? வாளிப் பிடியைத் தொட்டன், ஆரோ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டினம். விடுகினமில்லை. இழுத்துப் பறிச்சனான்."

"கிட்டப் போகாதையும்" என்றார் துரைராசா.

காற்று இல்லை. ஒரு பனையோலை கூட அசையவில்லை. வாளிக்குள் தண்ணீர் மட்டும், விளிம்பிலிருந்து நடுவுக்கு, வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது.