பின் சீட்டில் கொஞ்சம் இடம்

காரைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்திய மறுநாள் காலை, அதன் பின்கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது, ஆவி உள்பக்கம். கதவுகள் பூட்டியிருந்தன, சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது, மற்றக் கண்ணாடிகளெல்லாம் உலர்ந்து பளிச்சென்று கிடந்தன. யாரோ பின்னால் உட்கார்ந்து விடிய விடிய மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

“ஈரக் காத்து” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பழைய கார்களோடு குடும்பம் நடத்துகிறவர்கள் எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பார்கள்.

ஒரு பழைய கார் யார் கையில் உருவானது, அப்புறம் யார் யாரிடம் இருந்தது, எங்கே இடித்துக்கொண்டது என்று தோண்டித் துருவிக் கண்டுபிடிப்பது அவன் தொழில். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு லென்ஸ் இருக்கும். அதனால் தொழிலில் எல்லோரும் அவனைப் பூதக்கண்ணாடி என்பார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஊரார் கார்களையே மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தவன், முதல்முறையாகத் தனக்கென்று ஒரு பழைய கார் வாங்கியிருந்தான்.

சாதாரண நாலு கதவுக் காரை எப்போதோ ஒரு தகரவேலைக்காரர் தன் மனம்போல மாற்றிக் கட்டியிருந்தார். கூரையை அறுத்துத் தாழ்த்தி, வெளிக் கைப்பிடிகளைக் கழற்றி வழித்து, பின்கதவுகள் இரண்டையும் பற்றவைத்து ஒரேயடியாக மூடிவிட்டிருந்தார். முன்கதவைத் திறக்கச் சக்கரத்துக்கு மேலே ஒளித்து வைத்த பொத்தானை அமுக்க வேண்டும். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி ஊர்ந்து போக வேண்டும். தாழ்ந்த கூரைக்காக அவர் தன் கையாலேயே தேய்த்துப் பொருத்திய பின்கண்ணாடிக்கு ஜோடியே கிடையாது. நாவல்பழ நிறத்தில் அன்று பூசிய வர்ணம் இன்றும் அப்படியே இருந்தது.

இப்படிப்பட்டதைக் கை படாத வண்டி என்பார்கள். அதில் திருகாணி மாற்றக்கூடாது, துருவைச் சுரண்டக்கூடாது. புதுசாக வர்ணம் அடித்த கார் தெருவுக்குத் தெரு கிடைக்கும், கை படாதது போனால் போனதுதான். டாஷ்போர்டு அறையில் கிடந்த சின்னத் தகர டப்பாவைக்கூட அவன் இருந்த இடத்திலேயே விட்டிருந்தான். ஆட்டினால் கலகலவென்றது. உதிரித் திருகாணிகளாக இருக்கும். மூடி துருவேறி இறுகியிருந்தது, நெம்பினால் கீறல் விழுமே என்று திறக்கவில்லை.

“அப்பா, நான் பின்னாடி உட்காரட்டா?”

ஏழு வயது மகள் வாலு. அவளுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதை நாக்கால் தள்ளித் தள்ளியேதான் பேசுவாள்.

“உட்காரு. செருப்பைக் கழட்டிடு. எதையும் தொடாதே.”

“தொடாம எப்படிப்பா உட்கார்றது?”

வாயாடி. ஊர்ந்து உள்ளே போனவள் வெகுநேரம் சத்தமே இல்லாமல் இருந்தாள். வாலு சத்தமில்லாமல் இருந்தால் வீட்டில் ஏதாவது உடைந்திருக்கிறது என்று அர்த்தம். குனிந்து எட்டிப் பார்த்தான். ஒரு ஓரமாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் இடம் கிடைத்தவள் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் இப்படி ஓரத்துல இருக்கே?”

“நெருக்கமா இருக்குப்பா. நகர்ந்து குடுத்தாங்க.”

“யாரு?”

“பின்னாடி இருக்கிறவங்க” என்றாள், அதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அவன் சிரித்தான். சமையலறையில் அதைச் சொன்னபோது மனைவியும் சிரித்தாள். “உங்க பொண்ணுதானே. வாயைத் திறந்தா கதை.” ஆனால் அன்று வாலுவின் தலையைத் துவட்டிவிடும்போது அவள் முடியில் ஒரு வாடை அடித்தது. பூட்டிக் கிடந்த அறை வாடை, கூடவே வேறொரு குழந்தையின் தலை வாடை. இரண்டு முறை முகர்ந்து பார்த்தான். அவனுக்குப் பிடிக்கவில்லை.

டிக்கி மூடியின் உள்புறம் ஒட்டியிருந்த ரொட்டிக்கடை ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டு முந்தைய சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டான். கடையை மூடிவிட்டு அடுக்குமாடி வீடு ஒன்றில் தனியாக இருந்தார் அந்த ரொட்டிக்காரர். காரின் பேச்சை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு போட்டோவைத் தேடி எடுத்தார். கடற்கரை ஓரம் நாவல்பழ நிறக் கார், பக்கத்தில் அவரும் அவர் மனைவியும். பின்கண்ணாடிக்குள் ஒரு குழந்தை முகம்.

“இது உங்க பையனா?”

“எது?” மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஓ. யாரோ அக்கம்பக்கத்துப் பிள்ளையா இருக்கும். எங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லையே தம்பி.”

“பின்கண்ணாடியில எப்பவாவது ஆவி படியுமா?”

“எப்பவும் படியும். ஈரக் காத்துதான்.”

அதே வார்த்தை. அவன் தண்ணீர் கேட்டான். அவர் கொண்டுவரப் போனபோது படுக்கையறைக் கதவு நிலை கண்ணில் பட்டது. பென்சில் கோடுகள். அவன் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி, படிப்படியாக ஏறி, அவன் இடுப்புக்கு மேலே வந்து நின்றுபோயிருந்தன. அவன் வீட்டிலும் இதே மாதிரி கோடுகள் உண்டு. கடைசிக் கோட்டுக்கும் வாலுவின் இன்றைய உயரத்துக்கும் அதிக வித்தியாசம் இருக்காது என்று மனசு அதுபாட்டுக்கு அளந்துவிட்டது.

“அதுவா? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இருக்கு” என்றார் ரொட்டிக்காரர், தம்ளரை நீட்டிக்கொண்டே. “அழிக்கணும்னு நினைப்பேன். கை வராது. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது.”

போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது, லென்ஸை எடுத்து அதைப் பார்த்தான். குழந்தையின் தோளுக்குப் பின்னால் இன்னொரு சின்னத் தலை, இருட்டோடு இருட்டாக. முன்னால் இருக்கிற குழந்தைக்கு அது நகர்ந்து இடம் கொடுத்திருந்தது.

கார் விஷயத்தில் எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை, அதனால் கட்டியவரின் வீட்டையும் பார்த்துவிட்டு, காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவெடுக்கலாம் என்று நினைத்தான். மறுநாள் புறப்படும்போது வாலுவின் பல் விழுந்துவிட்டது. காகிதத்தில் மடித்து அவன் சட்டைப் பையில், லென்ஸோடு சேர்த்துச் செருகினாள்.

“சாயங்காலம் திருப்பித் தரணும். தொலைச்சே, உன் பேச்சு கா.”

“தொலைக்க மாட்டேன். நீ ஷெட்டுப் பக்கம் போகக்கூடாது, சரியா?” ஷெட்டைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தான். “இவ கேட்டாக் குடுக்காதே. என்ன கெஞ்சினாலும்.”

காரைக் கட்டியவர் செத்துப்போய் வெகுகாலமாகிவிட்டது. அவருடைய தங்கை நகரின் மறுகோடியில் சலவைக்கடை வைத்திருந்தாள். கடை முழுக்க நீராவி. வெளியே மழை. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலேயே பேசினாள் அந்தம்மா.

“அண்ணன் கட்டினதுதான். அண்ணனும் அண்ணியும் ரெண்டே பேர். ரெண்டு பேருக்கு எதுக்குப் பின் சீட்டை இவ்வளவு சின்னதா, பொம்மை சீட்டு மாதிரி வெச்சேன்னு கேட்டேன். முழிச்சான். குழந்தை இல்லாத வீட்டுல குழந்தை விழுந்துடக்கூடாதுன்னு பின்கதவை எவனாவது பத்தவைப்பானா? அப்படித்தான் பத்தவெச்சதாச் சொன்னான். அப்புறம் சொன்னதே ஞாபகம் இல்லேன்னான்.”

“அவருக்குக் குழந்தையே இல்லையா?”

“இல்ல.” உடனே சொன்னாள். அப்புறம் இஸ்திரிப் பெட்டி நின்றது. “ஆனா கடைசிக் காலத்துல அந்தப் பின்கதவு ஒட்டுல கன்னத்தை வெச்சு அழுதுக்கிட்டே கிடப்பான். எதுக்கு அழுறேன்னா, தெரியலியேம்பான்.”

உள்ளே போய் ஒரு சின்னக் கவுனைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். மஞ்சள் நிறம். கஞ்சி போட்டுத் தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது.

“இது என் கையால தச்சது. தையலைப் பாத்தாலே தெரியும். அளவெடுத்துத் தச்சிருக்கேன். யாருக்குன்னு மட்டும்…” அவனை ஏறிட்டுப் பார்த்தாள். “உங்களுக்கு ஏதாவது தெரியுமா தம்பி?”

போன் ஏற்கெனவே அவன் காதில் இருந்தது.

“வாலு ஸ்கூல்லேருந்து வந்துட்டாளா?”

“யாரு?” என்றாள் மனைவி.

“வாலு. நம்ம பொண்ணு.”

மறுமுனையில் அடிபட்ட குரல். “ஏங்க, இதுல என்ன விளையாட்டு? நமக்கு இல்லேன்னு ஆயிடுச்சு. டாக்டர் சொன்னதைக் கேட்டு ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சு. மறுபடி எதுக்குக் கிளறுறீங்க?”

“ஷெட் சாவி எங்கே?”

“கதவுலதான் தொங்குது. யாரோ கேட்டாங்க, குடுத்தேன்… யாருன்னு ஞாபகம் வரல.”

ஓடிப்போய், அன்றாடம் ஓட்டும் வண்டியை எடுத்தான். மழை கண்ணாடியை மறைத்தது, வைப்பர் இழுத்து இழுத்துத் துடைத்தது, முன்னால் போன ஒவ்வொரு வண்டியும் வேண்டுமென்றே வழியை மறித்தது. அந்தக் காரிலிருந்து தூரத்தில் இருப்பதால்தான் தனக்கு இன்னும் நினைவிருக்கிறது என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் போகப் போக என்ன ஆகும் என்பதும் விளங்கியது. பயத்தில் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினான். பொண்ணு. ஏழு வயசு. வாலுன்னு கூப்பிடுவோம். இடது காதுக்குப் பின்னால மச்சம். ரொட்டியில ஓரத்தைப் பிய்ச்சு எனக்குப் போடுவா. தூக்கத்துல சிரிப்பா. முன்பல் இல்ல.

பாலத்தைத் தாண்டினான். பொண்ணு. ஏழு வயசு. காதுக்குப் பின்னால மச்சம். எந்தக் காது? ரொட்டியில ஏதோ பண்ணுவா.

பெரிய சிக்னல். பொண்ணு. சின்னவ. சிரிப்பா.

அவன் தெரு. பொண்ணு. பொண்ணு. பொண்ணு.

வீட்டுக்குள் போகவில்லை. போனால் அவள் அறையில் என்ன இருக்கும் என்று பார்க்கப் பயந்தான். நேரே ஷெட். கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு, ஒழுங்காகக் கழற்றி வைத்தது.

கார் இருட்டில் மினுங்கியது. பொத்தானை அமுக்கினான். திறக்கவில்லை. மறுபக்கம். அதுவும் இல்லை. பின்கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி.

அதில் ஒரு விரல் வட்டமாகத் துடைத்தது. உள்ளிருந்து.

வட்டத்தில் ஒரு கண். அழுத கண். அப்புறம் வாய். முன்பல் இல்லாத வாய். அது திறந்து, மூடி, திறந்தது. சத்தம் வரவில்லை. வரத் தேவையும் இல்லை, அந்த ஒரு வார்த்தையை எந்தக் கண்ணாடி வழியாகவும் படித்துவிடலாம்.

சுத்தியலை எடுத்தான். ஓங்கினான்.

அந்தக் கண்ணாடி. கையால் தேய்த்தது. ஜோடி இல்லாதது. இத்தனை காலம் கீறல்கூட விழாதது.

கை நின்றது. ஒரே ஒரு கணம். வேறு எங்காவது அடிக்கலாமா என்று யோசிக்கிற நேரம்தான்.

அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது.

மழை பெய்துகொண்டிருந்தது. ஷெட்டில் நின்றுகொண்டிருந்தான். தலைக்கு மேலே தூக்கிய தன் கையையும் அதிலிருந்த சுத்தியலையும் பார்த்து அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“என்னங்க பண்றீங்க?” மனைவி வாசலில் நின்றாள், குடையோடு.

“தெரியல.” சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தான். “நல்லவேளை. உடைச்சிருப்பேன்.”

“அழுறீங்களா?”

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. “மழைத்தண்ணி.”

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறேன், வாங்க” என்று போய்விட்டாள். வாசலில் கிடந்த செருப்பை மிதிக்காமல் தாண்டினாள். அது யாருடையது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

லென்ஸை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டபோது மடித்த காகிதம் ஒன்று அகப்பட்டது. பிரித்தான். ஒரு சின்னப் பல். இது எப்படித் தன்னிடம் வந்தது என்று யோசித்துப் பார்த்தான். பிடி கிடைக்கவில்லை. காருக்குள் கிடந்திருக்கும், எடுத்திருப்போம். காரோடு வந்தது காரோடேயே இருக்கட்டும்.

பொத்தானை அமுக்கினான். கதவு வெண்ணெய் போலத் திறந்தது. டாஷ்போர்டு அறையிலிருந்து தகர டப்பாவை எடுத்தான். அன்றைக்கு அசையாத மூடி இப்போது விரல் பட்டதும் திறந்துகொண்டது. உள்ளே திருகாணி ஒன்றுகூட இல்லை. கையிலிருந்ததைப் போட்டான். பல்லின்மேல் பல் விழுந்த சத்தம் கேட்டது.

மூடி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். போகுமுன் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. பின்கண்ணாடியில் உள்பக்கம் சின்னச் சின்னக் கைத்தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, பழசாகி மங்கியவை. எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணாடியோடு ஒட்டி, புதிதாக ஒன்று. அது தட்டிக்கொண்டிருந்தது.

“மழை” என்று சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தான்.